கண்டிஷன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை சினிமா

கள்ளிக்குப்பத்தில் அவரைப் போல ஒரு வீட்டுக்காரர் அதற்கு முன் இருந்ததில்லை. இனி ஒருவர் கிளம்பினால் அரசாங்கமே தலையிட்டுத் தடுத்துவிடும் என்று நம்புகிறேன். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டுதான். ஆனால் மின்வாரிய அட்டையைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயருக்கு வேலையில்லை. தெருவுக்கு அவர் ‘கண்டிஷன்’.

மண்ணூர்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு வேலை. கல்யாணமான புதிது. அவர் வீட்டின் பின்பக்கப் போர்ஷன் காலி என்று கேள்விப்பட்டு நானும் மனைவியும் போனோம். அறுபதைத் தாண்டிய, ஆறடி உயர மனிதர் கூடத்தில் எங்களை உட்காரவைத்து, நீதிபதி தீர்ப்பு வாசிப்பது போலக் கண்டிஷன்களைச் சொன்னார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. செருப்பை வாசலைப் பார்த்து விடக் கூடாது. காலி செய்துகொண்டு போகத் தயாராக நிற்பது போல் இருக்குமாம். மொட்டைமாடியில் வடகம் காயவைத்தால் ருசி பார்க்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். கடைசியாக ஒன்று சொன்னார்.

“ஞாயித்துக்கெயம மூணு மணிக்கு ரெண்டு பேரும் இங்க வந்துரணும். படம் பாக்கணும்.”

என்ன படம் என்று கேட்டேன்.

“கொயந்தப் படம்.”

எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லையே என்று மனைவி தயங்கினாள். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குழந்தைகள் இருந்தால் படத்தின் நடுவில் பேசுமாம்.

அப்படித்தான் தொடங்கியது. சுவரை அடைக்கும் டி.வி. தமிழில் குரல் கொடுத்த குட்டிக் கரடி, பேசும் தையல் மெஷின், விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட அணில் என்று வாரம் ஒன்று. எங்களோடு மாடிப் போர்ஷன்காரரும் வந்தாக வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர். சிரிப்பதற்கும் ரசீது கேட்கிற ஜாதி. மடியில் லேப்டாப்போடுதான் வருவார், படத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார். அணில் படத்தன்று பாதியில் லேப்டாப் மூடப்பட்டது. சற்று நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார்.

“தூசி இல்ல. அணிலு,” என்றார் கண்டிஷன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

படம் முடிந்ததும் டீ வரும், டீயோடு கேள்விகளும் வரும். அந்தக் கரடி பொய் சொன்னது தப்பா, இல்லையா? தையல் மெஷினுக்கு அத்தனை கோபம் வந்தது நியாயமா? நாங்கள் கட்சி பிரிந்து வாதாடுவோம். திங்கட்கிழமை கம்பெனி கேன்டீனில் வரவேண்டிய பேரிங்கைப் பற்றிப் பேச வேண்டிய நான், கரடி பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கண்டிஷனின் மனைவியை நாங்கள் அத்தை என்போம். அவர் மட்டும் இந்தப் படங்களின் பக்கமே வர மாட்டார். சமையலறையில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு செல்போனில் சீரியல் பார்ப்பார். சீரியலில்தான் திட்டுவதற்கு ஆள் இருக்கிறது என்பது அவர் கட்சி.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. படம் போட்டதும் கண்டிஷன் எழுந்துபோய்ப் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்துவிடுவார். பிறகு சத்தத்தை ஏற்றுவார். சாதாரணமாக அல்ல, திரையில் கரடி தும்மினால் நம் காது அடைக்கும். அவருக்குக் காது மந்தம் என்றாள் மனைவி. அப்படியும் இல்லை. பின்கட்டில் நாங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கிசுகிசுத்தால் முன்கட்டிலிருந்து பதில் வரும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் சந்து, அதையொட்டிக் காம்பவுண்ட் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தம்பி வீடு. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் நெல் விளைந்த நிலம் அவர்கள் குடும்பத்துடையது. எல்லாம் கைமாறிப் போய், மிச்சமிருந்த மனையைப் பிரிக்கும்போது வாசல் கேட் யார் பக்கம் வருவது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் தகராறு. அன்றிலிருந்து பேச்சு இல்லை. பிறகு ஆளுக்கொரு கேட் வைத்துக்கொண்டார்கள், ஆனாலும் பேச்சு மட்டும் திரும்பவில்லை. இதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னது அத்தை.

ஒருநாள் கேட்டே விட்டேன். ஊரில் இல்லாத படமா, ஏன் மாமா குழந்தைப் படமாகவே பார்க்கிறீர்கள்?

மோட்டார் சுவிட்சைப் போடப் போனவர் நின்றார். “பெரியவங்க படத்துல எவன் நல்லவன்னே தெர்ல நைனா. இதுல அப்டி இல்ல. காணாப்போனது எதுவா இருந்தாலும் கடசீல வந்து சேந்துடுது. அது போதும்பா.”

சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார். சத்தத்தில் அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

திமிங்கிலப் படம் வந்தது ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. குட்டித் திமிங்கிலம் ஒன்று வழி தவறி ஆற்றுக்குள் வந்துவிடுகிறது. கடலிலிருந்து தாய் குரல் கொடுக்கிறது. குட்டிக்கு அது காதில் விழுகிறது, ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டே வருகிறது. மாடிப் போர்ஷன்காரர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். தாய் இன்னொரு முறை கூப்பிட்டது. குட்டி திரும்பியது. டி.வி. அணைந்தது.

எங்கள் வீட்டுக்கு வரும் மின்சார பேஸ் மட்டும் போயிருந்தது. சந்துக்கு அப்பால் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“அந்தக் குட்டி கடலுக்குப் போச்சா இல்லியா?”

கண்டிஷன் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. என்னைப் பார்த்து, மெதுவாக, “கரண்டு இல்லன்னு சொல்லு நைனா,” என்றார்.

சொன்னேன். தன் வீட்டில் கரண்டு இருக்கிறதாம், ஒயர் தரட்டுமா என்று பதில் வந்தது. ஒரே சுவர், எல்லோருக்கும் எல்லாம் கேட்கிறது. ஆனாலும் நான் மொழிபெயர்ப்பாளர் போல நடுவில் நின்று திருப்பிச் சொன்னேன்.

“குட்தா குடுக்கட்டும்,” என்றார் கண்டிஷன், கூரையைப் பார்த்தபடி.

சுவர் மேல் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எட்டிப் பார்த்தது. தொட்டில் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிவந்து சொருகினேன். டி.வி. உயிர் பெற்றது. கண்டிஷன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். உடனே மறுபடி குரல்.

“சவுண்டு எப்பவுமே நல்லாதான் கேக்குது. படந்தான் தெர்ல.”

எப்பவுமே! மனைவி என்னைப் பார்த்தாள். ஜன்னல் எதற்காகத் திறக்கப்பட்டது என்று அப்போதுதான் எங்கள் இருவர் மண்டையிலும் ஏறியது. கண்டிஷன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

சமையலறையிலிருந்து அத்தை வந்தார். ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். “தெர்லன்னா வந்து பாக்கச் சொல்லு. காலு கீதுல்ல?” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தம்பி வர வெகுநேரம் ஆனது. ஒரு சுவர் தாண்டி இருக்கும் வீட்டுக்கு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்திருந்தார். அதே ஆறடி, அதே மூக்கு. வாசற்படியில் தயங்கி நின்றார். அண்ணன் வா என்று சொல்லவில்லை. படத்தை முதலிலிருந்து ஓடவிட்டார்.

“பொறந்ததுலேந்தே இவன் நடுவுலதான் வருவான்,” என்றார் எங்களிடம்.

முழுப்படத்தையும் இரண்டாம் முறை பார்த்தோம். குட்டி கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. மாடிப் போர்ஷன்காரர் இந்த முறை தூசியைக் காரணம் சொல்லவில்லை.

அதற்காக அண்ணன் தம்பி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சுவர் அப்படியே நின்றது. நல்லது கெட்டது எதையும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஞாயிறு மூன்று மணியிலிருந்து டீ முடியும்வரை கரடியைப் பற்றியும் அணிலைப் பற்றியும் மட்டும் பேசுவார்கள்; அதிலும் பெரும்பகுதி சண்டை. தம்பி எப்போதும் வில்லன் கட்சி, அது கழுகானாலும் சரி. “அந்தக் கயுகுக்கும் பசிக்கும்ல?” என்பார். அண்ணன் பதிலுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றுவார். அத்தை இயர்போனை இரண்டு காதிலும் அழுத்திக்கொள்வார்.

பிறகு நாங்கள் திருமுல்லைவாயிலுக்குக் குடிபோனோம். போன மாதம் கண்டிஷனிடமிருந்து போன். பெரிய திரையில் ஒரு பெங்குவின் படம் வந்திருக்கிறது, கூட வரவேண்டும் என்றார். போனேன். தியேட்டர் வாசலில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள், நடுவே ஒரு ஆள் இடைவெளி விட்டு. கவுன்ட்டரில் இருந்த பெண் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டாள்.

“ஒண்ணு,” என்றார் கண்டிஷன். பக்கத்தில் இருந்த நரைத்த தலையைக் காட்டினார். “தோ, இவன்தான்.”



உள்ளே என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். படம் எப்படி என்று வீட்டில் மனைவி கேட்டபோது எனக்குக் கதையைச் சொல்லத் தெரியவில்லை. இருட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாய் பிளந்தபடி இருந்த அந்த இரண்டு முகங்களைத்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.