பிரளயத்தில் ஓடிய ராட்சதன்

டெக்சாஸ் மாநிலத்து வண்டிகள் எல்லாம் அந்த வாரம் எங்கள் ஊர் ஆற்றங்கரையில்தான் நின்றன. ஜெபக் கூடாரத்துக்குள் கால் வைக்க இடமில்லை. என்றைக்கோ கால் வைத்துவிட்டுப் போன ஒருவனைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம்!

பாஸ்டர் டெல்மர் டகிள் இரண்டு சுண்ணாம்புக்கல் பலகைகளை வெல்வெட் துணிமேல் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் முழ நீளத்துக்கு ஒரு மனிதப் பாதம்.

"ஜலப்பிரளயத்துல மேட்டைப் பாத்து ஓடின ராட்சதன்! நோவாவோட பேழைக் கதவு சாத்தியாச்சு. இவன் சேத்துல மிதிச்சான், சேறு கல்லாச்சு. இனியும் வேதத்துல ஒரு எழுத்தையாவது சந்தேகப்படுவீங்களா?"

"மாட்டோம்!"

உலகத்தையே மூழ்கடித்த வெள்ளம் இந்த ஈரச் சேற்றுத் தடத்தை மட்டும் ஏன் அழிக்கவில்லை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வெயில் அப்படி.

நோவாவின் பேழையை அளவு மாறாமல் கட்ட பாஸ்டருக்கு நிலம் வேண்டுமாம். எங்கள் பரம்பரைப் பண்ணையை எழுதிக்கொடுக்க என் தங்கை ஒலீட்டா பேனாவோடு மேடையில் நின்றாள். பத்திரம் அவள் பேரில். நான் முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் கற்கள் எனக்குத் தெரிந்தவை. சொன்னால் குடும்ப மானம் போகும்.

பூட்ஸ் தைக்கும் வெண்டல் எழுந்தார். "பாஸ்டர், நாப்பது வருசமா கால் அளவு எடுக்கறேன். இந்த ஆளுக்கு மட்டும் ஒரு ஜோடி தைக்க என்னால முடியாது."

"ஏன், தோல் பத்தாதா?"

"தோல் இருக்குங்க. ரெண்டும் இடது காலு."

கூடாரம் மூச்சு விட மறந்தது. பாஸ்டர் மறக்கவில்லை. "ராட்சதருக்கு ரெண்டுமே இடதுதான்! அதனாலதான் ஓட முடியாம முழுகிட்டாங்க! அல்லேலூயா!"

"அல்லேலூயா!" என்றது கூட்டம். ஒலீட்டாவின் பேனா காகிதத்தைத் தொட்டது.

எழுந்தேன். "ஒலீட்டா, பேனாவை மூடு."

"அண்ணே, வேதத்துக்கு எதிரா பேசாதீங்க."

"அப்பாவைப் பத்திப் பேசறேன். அவருக்கு வலது கால் இருந்துச்சா?"

"அதுதான் மரம் அறுக்கற ஆலையில போச்சே. அதுக்கென்ன இப்ப?"

"வேலையில்லாத பஞ்ச காலம். நீ கைக்குழந்தை. வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு ராட்சதன் பாதம்னு கல்லுல செதுக்கி வித்தார். மாதிரிக்கு அவர்கிட்ட இருந்தது ஒத்தைக் காலு."

பாஸ்டர் சிரித்தார். "பெரியவருக்கு வயசாயிடுச்சு, பாவம்."

"வெண்டல், கல்லைத் திருப்பு."

"பரிசுத்தமான கல்லு! தொடாதீங்க!"

ஒலீட்டா பாஸ்டரை ஒதுக்கிவிட்டுத் தானே புரட்டினாள். அடியில், அப்பாவின் கோணல் எழுத்து: ஹார்லன் பிரூட், 1934.

அவள் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு கேட்டாள்: "எங்கப்பா நோவாவுக்கு முன்னாடியே பொறந்துட்டாரா, பாஸ்டர்?"

கூடாரம் அதிரச் சிரித்தது. பாஸ்டர் பின்பக்கமாக ஓடினார். ஒரு வலது, ஒரு இடது என்று சரியாக இருந்ததால் நல்ல வேகம்.

மானத்துக்கு அஞ்சி முப்பது வருடம் நான் மூடி வைத்த பெயரை, அப்பா கூச்சமில்லாமல் கல்லிலேயே வெட்டி வைத்திருந்தார். கள்ளச் சரக்குத்தான், ஆனால் கையெழுத்துப் போட்ட சரக்கு.

மண்டியிட்ட மகாஜனங்களே, அடுத்த முறை கும்பிடுவதற்கு முன்னால் புரட்டிப் பாருங்கள். கல்லை மட்டுமல்ல, புத்தகத்தையும்தான்.