சிவப்புப் பெட்டியைப் பிடித்த வியாழக்கிழமை

பிள்ளைப்பாக்கம்,
11-9-2005, ஞாயிறு.

வாலாஜாபாத் உயர்திரு. கண்ணப்பன் அவர்கள் சமூகத்துக்குப் பிள்ளைப்பாக்கம் அண்ணாதுரை கைகூப்பி எழுதிக்கொண்டது.

இவ்விடம் உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்தைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் கேட்கவில்லை. இருந்தாலும் தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளையும் (அப்படிச் சொல்லலாமா என்பதும் தெரியவில்லை) குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

கடந்த வியாழக்கிழமை மாலை நாலரையிலிருந்து ஆறுக்குள் தட்டு மாற்றுவதாகப் பேசி, தாங்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு எழுந்தருளியபோது, பெண்ணைப் பெற்றவன் வீட்டில் இல்லாமல் போனது எந்த ஊர் வழக்கத்திலும் மன்னிக்கக்கூடிய காரியம் அல்ல. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் பூத்திலிருந்து போட்டேன். தாங்கள் "அலோ" என்றீர்கள். அந்தக் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். அந்த ராங் நம்பர் நான்தான். கடிதமென்றால் கிழிக்கிறவர்கள்கூட நாலு வரி படித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் ஒரகடம் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருப்பது தாங்கள் அறிந்ததே. காருக்கு உள்ளே போகிற ஒயர் கட்டுகளைச் செய்து கொடுக்கிற கம்பெனி. ஒயர் முனையில் பித்தளைக் கொக்கியை வைத்து அமுக்குவதற்கு ஒரு சின்ன பிரஸ் மெஷின், பூனாவிலிருந்து புதுசாக வந்து ஒரு மாதமாக ட்ரையல் ஓடுகிறது. அதற்கு முன்னால் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கதவு ஒன்று உண்டு, கார்டு என்போம். கார்டு திறந்திருந்தால் பிரஸ் இறங்கவே கூடாது. பக்கத்திலேயே ஒரு லேப்டாப் கம்ப்யூட்டரை வைத்து, மெஷின் இன்னா செய்யுது ஏது செய்யுதுன்னு எல்லாத்தையும் அதில் காட்டும்படி செய்திருக்கிறார்கள். ட்ரையல் முடிந்ததும் லேப்டாப்பை அந்த மெஷின் கம்பெனி இன்ஜினியர் சிவசங்கர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சம்பந்தி, திங்கட்கிழமை இந்த பிரஸ் இறங்கக் கூடாத நேரத்தில் இறங்கி, சுகப்பிரியா என்கிற பெண்ணின் மோதிர விரல் நகத்தைப் பெயர்த்துவிட்டது. நாலு தையல்.

சுகப்பிரியா தென்காசிப் பக்கம். இருபத்திரண்டு வயசு, ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வருது. ஆபீஸ்ல இன்னா முடிவு பண்ணிட்டாங்கன்னா, டார்கெட்ட சீக்கிரம் முடிக்கிறதுக்காக கார்டு மூடியிருக்கான்னு பாக்கற சென்சார்ல அதுவே டேப் ஒட்டி மெஷின ஏமாத்திடுச்சு, அதனாலதான் அடிபட்டுச்சு, தப்பு அது மேலதான், வியாழக்கிழமை நாலு மணிக்கு விசாரணை வெச்சு அனுப்பிடறதுன்னு. எனக்கு அதில் ஒரே ஒரு வேலைதான். "அன்று காலை மெஷினும் கார்டும் சரியாக இருந்தன" என்று டைப் செய்த தாளில் சாட்சிக் கையெழுத்துப் போடணும். ரெண்டு மணிக்குப் போட்டுவிட்டு, கேட் பாஸ் வாங்கிக்கொண்டு, மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்க் குளித்து வேட்டி கட்டி உங்களை வாசலில் நின்று வரவேற்பதாக ஏற்பாடு. கேட் பாஸ் சட்ட ஜோபியில இருந்துச்சு சம்பந்தி, சத்தியமா இருந்துச்சு.

எச்.ஆர். ரூம் வாசல்ல பெஞ்சுல அந்தப் பொண்ணு விரல்ல கட்டோட உக்காந்துகினு இருந்துச்சு. நான் பாக்காத மாதிரி உள்ள போகப் பாத்தேன். "அண்ணே, ஒரு நிமிஷம் நின்னு கேட்டுட்டுப் போங்க"ன்னுச்சு. நின்னேன்.

"நான் டேப்பும் ஒட்டல, ஒண்ணும் ஒட்டலண்ணே. கொக்கி கோணலா இருந்துச்சுன்னு கார்ட திறந்தேன். திறந்ததும் கம்ப்யூட்டர்ல கார்டு ஓபன்னு சிவப்பா ஒரு பெட்டி வந்துச்சு. கண்ண மூடித் திறக்கதுக்குள்ள தானா போயிட்டு. போன கையோட பிரஸ் இறங்கிட்டு. எப்பவும் இல்ல, எப்பவாச்சும் அப்படி வருது. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ. நீங்க ஒருக்கா பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கண்ணே, எனக்கு அது போதும்."

"நான் பாத்தா மட்டும் நம்பிடுவாங்களா? அதுதான் வந்தவுடனே போயிடுதுன்றியே"ன்னேன்.

"படம் புடிக்கலாம்ணே. நான் தென்காசில கம்ப்யூட்டர் கிளாஸ் போயிருக்கேன். கீபோர்டுல பிரிண்ட் ஸ்கிரீன்னு ஒரு கீ இருக்கும். அத அமுக்கினா ஸ்கிரீன்ல இருக்கத அப்படியே எடுத்துக்கிடும். அப்புறம்..."

அந்த அப்புறத்தக் கேக்காம ஓடினதுதான் நான் செஞ்ச மொத தப்பு. பத்து நிமிஷ வேல, பாத்துட்டு ஓடிடலாம்னு நெனச்சேன்.

மெஷின்கிட்ட யாரும் இல்ல. விசாரணை முடியறவரைக்கும் நிறுத்தி வெச்சிருந்தாங்க. ஆன் பண்ணி, கார்ட திறந்து, மூடாம இருக்க என் கையுறைய முட்டுக் குடுத்து, விரலுக்குப் பதிலா மரஸ்கேல் ஒண்ண பிரஸ்ஸுக்கு அடியில நீட்டி வெச்சு, கீழ பெடல மிதிச்சேன். சிவப்புப் பெட்டி வந்துச்சு, நின்னுச்சு, பிரஸ் இறங்கல. இருபது வாட்டி மிதிச்சேன், இருபதும் சரியா இருந்துச்சு. நம்ம பொண்ணு வயசுதான் அதுக்கும், பொய் சொல்லிட்டுதேன்னு கோவமா வந்துச்சு. இருபத்தோராவது வாட்டி பெட்டி வந்துச்சு, மின்னி மறைஞ்சுது, டப்புன்னு பிரஸ் இறங்கி ஸ்கேல் ரெண்டாப் பொளந்துடுச்சு. சம்பந்தி, அந்தச் சத்தத்துல எனக்கு என் கையெழுத்துதான் ஞாபகம் வந்துச்சு. ஏன்னு கேளுங்க. தினம் காலையில செக் ஷீட்டுன்னு ஒரு தாள்ல "கார்டு சரி"ன்னு கையெழுத்துப் போடறது நான். ஒரு மாசமா முப்பது கையெழுத்து. ஒரு நாள்கூட நான் கார்ட திறந்து பாத்ததில்ல.

படம் புடிச்சே ஆவணும்னு ஆயிடுச்சு. கீபோர்டுல தேடித் தேடிப் பாத்தா மூலையில நீல எழுத்துல பொடிசா பிரிண்ட்னு பாதியும் ஸ்கிரீன்னு பாதியும் இருந்துச்சு. மறுபடி மிதிச்சு மிதிச்சு, பெட்டி மின்னறப்போ டக்குனு அமுக்கினேன். ஒண்ணும் ஆகல. சத்தமில்ல, அசைவில்ல. பிரிண்ட்னு போட்டிருக்கே, பிரிண்டர்லதான வரும்னு ஆபீஸ் பில்டிங்குக்கு ஓடினேன். பிரிண்டர் பக்கத்துல பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நின்னேன். கால் மணி நேரம் கழிச்சு ஒரு தாள் வந்துச்சு, உசுரே வந்துச்சு. எடுத்துப் பாத்தா மறுநாள் கேன்டீன் மெனு. வெண்பொங்கல், வடை.

மணி மூணு. இந்நேரம் வாலாஜாபாத்துல நீங்க வேன் ஏறியிருப்பீங்கன்னு மனசு அடிச்சிக்குது. கேன்டீன்ல இன்ஜினியர் சிவசங்கர் தயிர் சாதம் சாப்பிட்டுகினு இருந்தாரு. மெஷின்ல ஃபால்ட் இல்லன்னு எழுதிக் குடுத்தவரே அவருதான், அதனால விஷயத்தச் சொல்லாம, "சார், பிரிண்ட் ஸ்கிரீன் அமுக்கினா படம் எங்க போவும்?"னு பொதுவா கேட்டேன்.

"எங்கயும் போவாது சார். உள்ளயே மறைவா இருக்கும். லேப்டாப்னா எஃப் என் கீயையும் சேத்து அமுக்கணும். அப்புறம் பெயிண்ட்ல போய் ஒட்டிடுங்க."

"நம்ம கம்பெனியில பெயிண்ட் ஷாப் இல்லியே சார், பக்கத்து கம்பெனியிலதான கீது. உள்ள உடுவானா?"ன்னேன்.

அவரு கையில சாதத்தோட என்னையே பாத்தாரு. அப்புறம் பொறுமையா, பெயிண்ட்னா கம்ப்யூட்டருக்குள்ளயே படம் வரையற இடம்னு சொல்லி, எங்க தட்டணும், எப்படி ஒட்டணும்னு என் கேட் பாஸ் பின்னாடியே எழுதிக் குடுத்தாரு. "சீக்கிரம் பாத்துக்குங்க. நாலு மணிக்கு கேப் வருது, லேப்டாப் பூனா போயிடும்"னாரு.

திரும்ப மெஷினுக்கு ஓடினேன். என் நெலமைய நெனச்சுப் பாருங்க. வலது கால் பெடல்ல, இடது கை எஃப் என் மேல, வலது கை பிரிண்ட் ஸ்கிரீன் மேல, கண்ணு பெட்டி மேல, மனசு எங்க வூட்டு வாசல்ல. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பெட்டி வருது நிக்குது. அலுத்துப்போய் மூக்கச் சொறியறேன், அப்போ மின்னுது. உடைஞ்ச ஸ்கேல் துண்ட மறுபடி வெச்சு மிதிக்கிறேன். மூணு நாப்பதுக்கு ஒண்ண சரியா புடிச்சேன், சம்பந்தி! விரல்லயே தெரிஞ்சுது புடிச்சிட்டேன்னு. சந்தோஷத்துல, ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்னு இன்னொரு வாட்டி அமுக்கினேன். அப்புறம் பெயிண்ட தொறந்து ஒட்டிப் பாத்தா பெட்டியே இல்ல. ரெண்டாவது எடுத்தா மொத படம் அழிஞ்சிடுமாம். அத அந்தக் கேட் பாஸ்ல யாரும் எழுதல. வேல தெரிஞ்சவன் அழற மாதிரி அழல நான், சின்னப் புள்ள மாதிரி அழுதேன்.

அந்த நேரம் பாத்து சிவசங்கர் பையோட வந்து நின்னாரு. முட்டுக் குடுத்த கையுறைய பாத்தாரு, தெறிச்சுக் கெடந்த ஸ்கேல் துண்டுங்கள பாத்தாரு, திறந்திருந்த கார்டப் பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சு.

"எத்தினி வாட்டி சார் இறங்குச்சு?"

"நாலு. நான் பாத்தது."

அவரு பைய கீழ வெச்சாரு. ஜன்னல் வழியா கேப் வந்து நிக்கிறது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுது, டிரைவர் ஆரன் வேற அடிச்சான். லேப்டாப்ப மூடி எடுத்துகினு போனா அவரை ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க முடியாது. "நீங்க பெடல பாருங்க. கீய நான் அமுக்கறேன்"னுட்டு பக்கத்துல குந்திட்டாரு. பதினாலாவது மிதியில மின்னுச்சு. அமுக்கினாரு, ஒட்டினாரு, சேவ் பண்ணாரு, சேவ் பண்ணத மூடித் திரும்பத் தொறந்தும் பாத்தாரு. ஒரே படத்துல சிவப்புல கார்டு ஓபன், பச்சையில பிரஸ் டவுன், மூலையில மணி நாலு ஏழு.

லேப்டாப்ப ரெண்டு பேரும் சாமி தூக்கற மாதிரி தூக்கிகினு விசாரணை ரூமுக்குள்ள போனோம். எச்.ஆர். ஆபீசர் தளவாய் ரொம்ப நேரம் அந்தப் படத்தப் பாத்தாரு. அப்புறம் ஃபைல்லருந்து என் செக் ஷீட்டுங்கள எடுத்து மேசை மேல ஒண்ணொண்ணா வெச்சாரு.

"மிஸ்டர் அண்ணாதுரை, மெஷின் ஒரு மாசமாவே இப்படின்னா, டெய்லி கார்டு சரின்னு சைன் பண்ணியிருக்கீங்களே, அது எப்படி?"

அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. நான் சுவத்துல இருந்த கடிகாரத்தப் பாத்தேன், நாலரை. "பாக்காம போட்டேன் சார்"ன்னேன். அதுக்கப்புறம் அந்த மூணு வார்த்தைய நாலு பக்கம் என்னையே எழுத வெச்சு, ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வாங்கினாங்க. எல்லாத்தையும் படிச்சுப் பாத்துப் போட்டேன். சுகப்பிரியாவுக்கு வேல போவல. விரல் ஆறி வர வரைக்கும் சம்பளத்தோட லீவு. மெஷின பூட்டி சீல் வெச்சுட்டாங்க. எனக்கு மெமோ. வெளிய வந்தப்போ அந்தப் பொண்ணு, "உங்களுக்கு நான் கெடுதல் பண்ணிட்டேன்லா அண்ணே"ன்னுச்சு. "இல்லம்மா, நான் பண்ணினதுதான்"ன்னேன். வேற இன்னா சொல்றது.

ஷேர் ஆட்டோ புடிச்சு வூட்டுக்கு வந்தப்போ ஆறே முக்கால். வாசல்ல கோலம் கலையாம இருந்துச்சு. கூடத்துல தட்டுல வெத்தல, பாக்கு, பழம், பூ எல்லாம் வெச்சது வெச்சபடி. அதத் தொடாமலே நீங்க எழுந்து போயிட்டீங்கன்னா எவ்ளோ மனசு வெறுத்துப் போயிருக்கும்னு எனக்குப் புரிஞ்சுது. என் சம்சாரம் செங்கமலம் என் மூஞ்சியப் பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. இன்னியோட மூணு நாளா ஒரு வார்த்த பேசல. சோத்தப் போட்டுட்டு தட்ட தரையில வெக்கிற சத்தத்துலயே எல்லாத்தையும் சொல்லிடுது. பொண்ணு காவேரிய கேட்டாலும், "அம்மாவ கேளுப்பா"ன்னுட்டுப் போயிடுது.

சம்பந்தி, மெமோ வாங்கினவன் வூட்ல சம்பந்தம் வேணுமான்னு உங்க சாதிசனம் கேக்கலாம். கேக்கறது ஞாயம். ஆனா தப்பு என்னோடது, காவேரி மேல ஒரு துளியும் இல்ல. அது எதையும் படிக்காம கையெழுத்துப் போடற பொண்ணு இல்ல, அதுல அம்மா மாதிரி. நீங்க வேற நாள் குறிச்சா, முந்தின நாளே லீவு போட்டுட்டு வாசப்படியிலயே படுத்துக் கெடக்கறேன். வேணாம்னு முடிவு பண்ணியிருந்தாலும் அத ஒரு தபால் கார்டுல எழுதிடுங்க, தாங்கிக்கிறேன்.

அம்மா அவர்களுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். வீட்டுச் சிறுசுகளுக்கு அன்பு. இராமானுசர் சன்னிதியில் உங்கள் எல்லோர் பெயரிலும் அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்,
அண்ணாதுரை.

பி.கு: கவர ஒட்டறதுக்கு முன்னால, எழுத்துப் பிழை பாக்கச் சொல்லி இந்தக் கடிதத்தை செங்கமலத்துக்கிட்ட நீட்டினேன். முழுசாப் படிச்சிட்டு, மூணு நாள்ல மொத தடவையா வாயத் தொறந்து, "அவங்களே வரலியே, யாருக்கு இவ்ளோ பெரிய மன்னிப்பு?"ன்னுச்சு. மாப்பிள்ளைக்கு மறைமலை நகர் கம்பெனியில லீவு குடுக்கல, அடுத்த வியாழன் அதே நேரத்துக்கு வர்றோம்னு நீங்க அன்னிக்கு ரெண்டு மணிக்கே பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணிட்டீங்களாமே! சொன்ன நேரத்துக்கு வூட்டுக்கு வராத மனுஷனுக்குத் தண்டனையா இருக்கட்டும்னு அம்மாவும் பொண்ணும் சேந்து என்கிட்ட சொல்லாம வெச்சிருக்காங்க. ஆக, மேல இருக்கற மன்னிப்பு எதுவும் செல்லாது. கஷ்டப்பட்டு எழுதினதால அனுப்பறேன், நீங்க வராததுக்கு இதே அளவுக்குக் குறையாம ஒரு கடிதம் எதிர்பாக்கறேன். இன்னொரு சின்ன விஷயம், இத செங்கமலத்துக்கிட்ட இன்னும் சொல்லல: அந்த மெமோவுக்கு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அடுத்த வியாழன், நாலரை மணி. மாப்பிள்ளைக்கு அன்னிக்கும் லீவு கிடைக்காத மாதிரி ஏதாவது வழி இருக்கா?