நடுவிலிருந்து நான்கு விரல்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நான் நலம், உங்கள் தங்கை நலம், கூடத்துச் சுவர் மட்டும் நலமாக இல்லை. ஒன்பது வருடமாக நீங்கள் இந்த வீட்டு வாசற்படியை மிதிக்காததைப் பற்றிப் பேசவோ, சமாதானம் கேட்கவோ நான் எழுதவில்லை. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் தங்கை கண், காது, மூக்கு வைத்து போனில் சொல்லிவிடுவாள்.

கூடத்துக்கு வெளிர் நீலம் அடிக்க பெயிண்டரை வரச் சொன்னோம். மனிதர் வெள்ளை டப்பாவில் நீலத்தை ஊற்றி ஒரு குச்சியை விட்டுக் கிண்டினார். முப்பது வருடம் உங்களோடு ஆய்வுக்கூடத்தில் சுழல்தட்டோடு மாரடித்தவன் நான், என் கண் முன்னால் குச்சியா? சுற்றுகிற தட்டின் நடுவில் இரண்டு திரவத்தையும் விட்டால், மெல்லிய ஏடாகப் பரவி விளிம்புக்கு ஓடுவதற்குள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று விளக்கினேன். "பெயிண்ட் கலக்க இவ்வளவு பேச்சா சார்?" என்றார். ரோஷம் வந்துவிட்டது. பழைய மேசை விசிறியின் இறக்கையைக் கழற்றி, மோட்டாரை ஸ்டூலின் மேல் மல்லாத்தி, உங்கள் தங்கையின் பெரிய எவர்சில்வர் தட்டை அதன் தலையில் இறுக்கி, இரண்டு புனல்களை நடுவுக்கு நேராகக் கட்டி, கூடத்தின் மத்தியில் வைத்தேன்.

உங்களுக்கே தெரியும், நம் ஆய்வுக்கூடத்தில் வேகம் என் பொறுப்பு, விளிம்பிலிருந்து தெறிப்பதைப் பிடிக்கிற மூடி உங்கள் பொறுப்பு. முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட அந்த மூடியை நான் தொட்டதில்லை. "மூடியாச்சா மச்சான்?" என்பேன், "ஆச்சு மாப்ள" என்பீர்கள், பட்டனை அழுத்துவேன். பழக்கதோஷம், அன்றும் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. விசிறியின் முழு வேகமான மூன்றாம் பட்டனை அழுத்திவிட்டேன்.

நான்கு சுவரிலும் இடுப்பு உயரத்தில் ஒரே பட்டை. இரண்டு இடத்தில் மட்டும் அது விட்டுப்போயிருந்தது: ஒன்று நான் நின்ற இடம், இன்னொன்று பெயிண்டர் நின்ற இடம். "சட்டைக்கும் சேத்து அடிக்கச் சொல்லலியே சார்" என்றார் அவர். சத்தம் கேட்டு ஓடி வந்த உங்கள் தங்கை சுவரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள். "எங்க அண்ணன் பக்கத்துல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்றாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

அதிலிருந்து நம் ஆய்வுக்கூடமே கண்ணில் நிற்கிறது மச்சான். எப்போதும் ஈரமான தரை, இரண்டு ஸ்டூல், அதில் கால் குட்டையானதை நீங்களே எடுத்துக்கொண்டு கீழே காகிதம் மடித்து வைப்பது. கலப்பு சரியில்லையென்றால் குடுவையில் சேரும் திரவம் மஞ்சளாகும். மூன்று மாதம் மஞ்சளைத் தவிர நாம் வேறெதையும் பார்க்கவில்லை. "ரெண்டாவது குழாய நடுவுல விடாதீங்க மாப்ள, நாலு விரல் தள்ளி விடுங்க, அங்கதான் ஏடு மெலிசா இருக்கு" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். வேகத்தைக் கூட்டினால் போதும் என்று நான் முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை குடுவை தண்ணீர் மாதிரித் தெளிந்து நின்றது. நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தீர்கள். கிழட்டு வயதில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு குதித்தோம். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் இருந்ததில்லை.

வேகத்தைக் கூட்டியதால் தெளிந்தது என்று அறிக்கை எழுதி என் பெயரை மட்டும் போட்டேன். நீங்கள் படித்துவிட்டு அதை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள், அன்றிலிருந்துதான் இந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. இன்றும் சொல்கிறேன், காரணம் வேகம்தான். கூடத்துச் சுவரே சாட்சி, அருமையான வெளிர் நீலம். ஆகவே நான் வருத்தப்பட ஒன்றுமில்லை, நீங்கள் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, உங்கள் பொறுமையோடும் என் பிடிவாதம் இல்லாமலும் வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: வெளிர் நீலம் என்று எழுதியது பொய். பட்டையில் நீலம் தனி, வெள்ளை தனி. மூன்றாம் பட்டனிலும் கலக்கவில்லை. இன்று காலை மோட்டார், தட்டு எல்லாவற்றையும், தெறிக்காமல் இருக்க, துணி துவைக்கும் காலித் தொட்டிக்குள் இறக்கி, முதல் பட்டனில், நீலப் புனலை மட்டும் நான்கு விரல் தள்ளிக் கட்டிப் பார்த்தேன். ஒரே நிறமாக வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வேகத்தைத் தொடவே இல்லை மச்சான். நான் டீ குடிக்கப் போயிருந்தபோது குழாயை நகர்த்தியது நீங்கள். திரும்பி வந்ததுமே பார்த்தேன். ஒன்பது வருடமாக எனக்குத் தெரியும். சுவரை அப்படியே விடச் சொல்லி பெயிண்டரை அனுப்பிவிட்டேன். நீங்கள் வந்து பார்த்து, ஆசை தீரத் திட்டிய பிறகு அடித்துக்கொள்ளலாம். குட்டைக்கால் ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.