முறுக்குக் கடை வெப்சைட்டும் ஞாயிற்றுக்கிழமைத் திருடனும்

தாராவி, மும்பை

செல்ல மகள் ஷாலினிக்கு அப்பா ஆறுமுகநயினார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் முறுக்கு அடுப்பும் நலம். ஹைதராபாத்தில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க முருகன் துணை. கடை ரகசியத்தை வாட்ஸ்அப்பில் எழுதக் கூடாது என்று நீ சொன்னதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். எழுத்துக் கூட்டிப் படி, புரியாத இடத்தில் போன் செய்து கேள்.

நிற்க. நம் வெப்சைட்டைத் திறக்கும் ஆறு இலக்க நம்பர் இனி உன் போனுக்கு வராமல் என் போனுக்கே வரும்படி மாற்றப்போவதாகச் சொன்னாய். வேண்டாம்மா. இரண்டு மாதமாக ஞாயிறு தவறாமல் எவனோ உள்ளே நுழையப் பார்க்கிறான், உடனே உனக்கு நம்பர் வருகிறது, நீ பதறிப்போய், "அப்பா, நீங்களா தொட்டீங்க?" என்று கூப்பிடுகிறாய், நான் இல்லை என்கிறேன், அப்புறம் பெரிய எழுத்து ஒன்று, நட்சத்திரம் ஒன்று என்று நீ சொல்லச் சொல்ல நான் புது பாஸ்வேர்டைத் தட்டி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது, நடுவிலே பிரஷர் மாத்திரை போட்டேனா என்றும் கேட்டுவிடுகிறாய். பாஸ்வேர்டை மாவு டின் மூடியில் எழுதினேன், வேலைக்கு வரும் அஃப்ஷா அதைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். காலண்டர் தாளில் எழுதினேன், மறுநாள் நானே கிழித்தேன். கடைக்கு யாருப்பா வர்றாங்கன்னு நீ கேட்டப்போ வாயில வந்த பேரு இசக்கிதுரை. தினம் சாயங்காலம் என்கூட டீ குடிக்கிற மனுசன், வேற யாரைச் சொல்ல? நீயும் அவனுக்குப் போன் போட்டு விசாரிச்சுட்டே. "அண்ணாச்சி, ஒம்ம கம்ப்யூட்டர்ல எங்க அமுக்கணும்னுகூட எனக்குத் தெரியாதுவே"ன்னு சொல்லிட்டுப் போனவன்தான், பத்து நாளாச்சு, இந்தப் பக்கம் தலைகாட்டலை. ஒத்தையில உக்காந்து ஒரு டீ குடிக்கிறதுக்கு ரொம்ப நேரமாகுது, ஷாலினி.

ஆகவே நம்பர் உன்னிடமே இருக்கட்டும். திருடன் கெட்டிக்காரன், என்னை ஏமாற்றிவிடுவான், உன்னிடம் அவன் பருப்பு வேகாது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நூறு வயசு நல்லாயிருக்கணும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆறுமுகநயினார்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் உண்மையை எழுதிவிடுகிறேன். திருடன் யாரும் இல்லை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்று கேட்கிற இடத்தை ஞாயிற்றுக்கிழமை அமுக்குவது நான்தான். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. முதல் தடவை தெரியாமல் கை பட்டது, ஒரு நிமிடத்துக்குள் நீ கூப்பிட்டாய். அதற்கு முன் நீ கூப்பிட்டு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இசக்கிதுரை வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம்பரை என் போனுக்கே மாற்றிவிடு. ஒன்றும் நடக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, தாயி.