இடது கைக்கு ஒரு மாதப் பயிற்சி

சும்மா நின்றால் போதும் என்றார்கள். அதற்கே எனக்கு ஒரு மாதம் பயிற்சி தேவைப்பட்டது. அப்படியும் வரவில்லை.

ஆந்திரா தனியாகப் பிரிந்துபோன மறுவருஷம். திருவள்ளூரில் ஒரு ரைஸ் மில்லில் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு செவ்வாப்பேட்டையில். ஒருநாள் ஓடுகிற பெல்ட் வலது கையை இழுத்துவிட்டது. நடுவில் மூன்று விரல் போயிற்று. கட்டை விரலும் சுண்டு விரலும் தங்கின. (நண்டுக்கு இருக்கிறதே, அது மாதிரி.)

நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டேன். மில் டாக்டர், கை ஆறிவிட்டது, வேலை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். மனு தள்ளுபடி. சரி என்று மில்லுக்குப் போனேன். “இந்தக் கைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவே?” என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டருக்கு ஒரு கை, மில்லுக்கு ஒரு கை. இரண்டும் என் வலது கைதான்.

என் சம்சாரம் பேர் கன்னியம்மா. அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவள்தான் சோறு ஊட்டினாள். பிசைந்து, உருட்டி, வாயில் வைப்பாள். ஒன்றும் பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன். ஏழாம் மாதம் வளையல் போட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கம் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் ஆகியும் அனுப்பவில்லை. போய்க் கேட்டேன். அவள் அண்ணன் வாசலிலேயே சொன்னார்.

“கேசு இன்னா ஆவுதுன்னு பாக்கலாம் மாப்ள. வேல இல்லாத ஊட்டுக்கு பச்சக் கொழந்தைய எப்டி அனுப்பறது?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கோபம் வந்தது. அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்பீல் எழுதித் தந்தவர் கரீம் பாய். பழவேற்காட்டுக்காரர். திருவள்ளூர் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர்.

“வலது கைய துண்டால மூடிக்கோ. எத்தக் குடுத்தாலும் இடது கையால வாங்கு. வாயத் தொறக்காத. மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றார்.

பயிற்சி ஆரம்பித்தது. டீ கிளாசை நீட்டுவார். பேப்பரை நீட்டுவார். துண்டுக்குள்ளிருந்து வலது கைதான் வரும்.

“அடேய், அந்தக் கைக்குத்தான்டா கேசு.”

“பெரியவங்ககிட்ட இடது கைய நீட்டலாமா பாய்?”

“நான் பெரியவன் இல்ல நைனா. கழுதன்னு நெனச்சிக்கோ. வாங்கு.”

கழுதை என்று நினைத்து வாங்கினேன். வந்தது. மூன்று வாரத்தில் நன்றாகவே வந்தது. (பாயைப் பார்த்தாலே கழுதை ஞாபகம் வர ஆரம்பித்தது. அது வேறு கஷ்டம்.)

அடுத்து முகம். “மூஞ்சில கொஞ்சம் சோகம் வேணும்பா” என்றார்.

“என் மூஞ்சி எப்பவும் இதான் பாய்.”

“சம்சாரத்த நெனச்சிக்கோ.”

நினைத்தேன்.

“இன்னாப்பா, சிரிக்கிறே?” என்றார் பாய். முகப் பயிற்சி அதோடு நின்றது.

விசாரணைக்கு மெட்ராசில் நாள் குறித்தார்கள். காலை ரயிலில் போய் இறங்கினோம். பாய் நாஷ்டா வாங்கித் தந்தார். பசியில்லை என்றேன். பசி இருந்தது.

மேஜைக்குப் பின்னால் ஆபீசர். வயதானவர். நெற்றி நிறைய விபூதி. ஒரு பக்கம் மில் வக்கீல். எனக்குப் பின்னால் பாய். ஆபீசர் என் மனுவை எடுத்தார். மேஜைமேல் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மரியாதையாக வலது கையால் என் பக்கம் நீட்டினார்.

“இது உன் மனுதானா, பாருப்பா.”

இடது கை பாதி தூரம் போயிற்று. விபூதியைப் பார்த்தேன். இவரைக் கழுதை என்று நினைக்க முடியவில்லை. இடது கை திரும்பி வந்துவிட்டது. துண்டு கீழே விழுந்தது. வலது கை தானாகப் போய், கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் தாளைக் கவ்வியது. இடது கை வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டது. பூசாரியிடம் பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கினேன்.

வக்கீல் எழுந்தார். “நோட் பண்ணணும் சார். கை நல்லாப் பிடிக்குது.”

ஆபீசர் என்னைப் பார்த்தார். “அந்தக் கையாலே என்னென்ன செய்வே?”

வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் ஒரு மாதமாக என்னால் ஒன்றும் முடியாது என்று கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தேன்.

“பீடி பத்த வெப்பேங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டுவேங்க. சைக்கிள் ஓட்டுவேங்க.”

(எனக்கு இரண்டு கையும் இருந்தபோதே சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

வக்கீல் வேகமாக எழுதினார். பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

“சாப்பிடறது?” என்றார் ஆபீசர்.

நான் குனிந்து கீழே கிடந்த துண்டை எடுத்தேன். அவர் மறுபடி கேட்டார்.

“சம்சாரம் ஊட்டும்ங்க.”

“வந்திருக்காங்களா?”

“இல்லீங்க. பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போய்க்குது. கேசு முடிஞ்சாத்தான் அனுப்புவாங்களாம்.”

“அப்போ இப்ப எப்படிச் சாப்பிடறே?”

தரையைப் பார்த்தேன்.

“இடது கையாலதாங்க. கதவ சாத்திக்கினு.”

வக்கீல் பேனாவை மூடினார். ஆபீசர் குனிந்து என்னவோ எழுதினார். கிளார்க்கு போகச் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆவடி வரைக்கும் பாய் தொப்பியால் விசிறிக்கொண்டே வந்தார். அப்புறம் கேட்டார். “சைக்கிள எவன்டா கேட்டான்?”

பாய் வாய் சும்மா இருக்காது. சைக்கிளையும், கதவைச் சாத்திச் சாப்பிடுகிறதையும் கோர்ட்டு வாசலில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து ஊத்துக்கோட்டை பஸ்சில் ஏறி, அந்தப் பேச்சு என் மாமியார் வீட்டுக்கே போய்விட்டது.

நாலாம் நாள் மத்தியானம். தட்டில் சோறு. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ரோட்டில் பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம்.

“தொற. நான்தான்.”

கன்னியம்மா நின்றாள். இடுப்பில் குழந்தை.

“அண்ணன் இன்னா சொன்னாரு?” என்றேன்.

“நான் கேக்கல.”

குழந்தையைப் பாயில் போட்டாள். கை கழுவிக்கொண்டு வந்து தட்டை இழுத்தாள். பிசைந்தாள், உருட்டினாள். வாயில் வைத்தாள்.

தீர்ப்பு அதற்கப்புறம்தான் தபாலில் வந்தது. ஜெயித்துவிட்டோம். அந்த வாரத்தில் அது எனக்குச் சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பீற்றிக்கொண்டால், “சைக்கிள் ஓட்டுவேங்க” என்று மற்றவர்கள் சொல்வார்கள். யாராவது ஒளித்துவைத்துத் தின்றால், “கதவ சாத்திக்கினு” என்பார்கள். கன்னியம்மாதான் ஆரம்பித்து வைத்தாள். எனக்கு ஊட்டிக்கொண்டே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பாயில் கிடந்த மகள் இப்போது எனக்கு ஊட்ட வருகிறாள். வேண்டாம் என்றுவிட்டேன். எல்லார் முன்னாலும் இடது கையால்தான் சாப்பிடுகிறேன். பேத்திக்கு அதில் ஒரு விளையாட்டு.

“தாத்தா, கதவ சாத்தட்டா?”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

“வேணாம், இருக்கட்டும்” என்பேன்.

கதவு திறந்திருக்கும். மத்தியான பஸ் நின்று கிளம்புகிற வரைக்கும் நான் சோற்றில் கை வைப்பதில்லை.