மூன்றாம் பாகம்

இசை விமர்சகர் மூன்றாவது முறையாகத் தூங்கிப்போனார்.

மறுவெளியீடாக வந்திருந்த பழைய ஒலிப்பதிவு அது. நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு பேராலயத்துப் பாடகர் குழு பாடிய ஆரட்டோரியோ. வேதக் கதையை மூன்று பாகமாகப் பாட்டிலேயே சொல்வது. மாலை ஐந்து மணிக்குள் மதிப்புரை வராவிட்டால் அவருடைய பத்தியை எடுத்துவிட்டுக் குறுக்கெழுத்துப் போட்டுவிடப்போவதாகப் பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருந்தார். இருபது வருஷப் பத்தி. பாவம், மனிதருக்கு வேறு வேலையும் தெரியாது.

முதல் பாகத்தில் வம்பில்லை. இரண்டாம் பாகத்தில் பெண்குரல்கள் கல் வளைவுகளில் ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் தங்கி, மெல்ல இறங்கும். அவ்வளவுதான், கண் சொருகிவிடும். விழித்துப் பார்த்தால் எல்லாம் முடிந்து அறை அமைதியாகக் கிடக்கும்.

சாய்வு நாற்காலியை விட்டு முக்காலிக்கு மாறினார். சுவரில் சாய்ந்து தூங்கினார். நின்றுகொண்டே கேட்டார், அலமாரி தாங்கிக்கொண்டது. கடைசியில் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது இன்னும் சுகம். ஆற்றில் மிதப்பதுபோல் போயேவிட்டார். மனைவி வந்து உலுக்கியபோது மணி நாலே முக்கால், மூக்கு வேறு அடைத்திருந்தது.

“இப்ப என்னத்த எழுதுவீங்க?”

“மூணாம் பாகம் கனவுல வந்துச்சு. அதையே எழுதிடறேன்.”

“கனவுல நான் வந்தேனா?”

“இல்ல.”

“அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்,” என்று வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

எழுதினார். ஒற்றைக் குரல் ஒன்று விடியலாக எழுந்தது, கூரையில் புறா சிறகடித்தது, குழு முழுவதும் மூச்சடக்கி நின்றது என்றெல்லாம் எழுதி, ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார்.

பத்தி பிழைத்தது. ஆசிரியர்கூடப் பாராட்டினார். விமர்சகருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் காலை, அந்த இசையை அன்று பதிவு செய்த ஒலிப்பதிவாளர், இப்போது பழுத்த கிழவர், தொலைபேசியில் கூப்பிட்டார். யாரென்று தெரிந்ததுமே விமர்சகர் கொட்டிவிட்டார்.

“ஐயா, மன்னிச்சிடுங்க. மூணாம் பாகத்த நான் கேக்கவே இல்ல. தூங்கிட்டேன்.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்டது.

“அன்னிக்கு மூணாம் பாகம் தொடங்குறப்பவே டேப் தீர்ந்துபோச்சு தம்பி. வேற வழியில்லாம இசைத்தட்டுல மூணாம் பாகமா முதல் பாகத்தையே திரும்பப் போட்டு வெச்சோம்,” என்றார் கிழவர். “நாப்பது வருஷமா எழுதின அத்தனை விமர்சகரும் அந்த மூணாம் பாகத்ததான் ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்காங்க. தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்.”