பேஸ் பெட்டி வாசித்த மரண அறிவித்தல்

ஒரு லொறிக்கு என்னென்ன தேவை என்பது அதைச் செய்த கம்பனிக்காரனுக்குத் தெரியும். இந்தச் சின்ன விஷயம் இருபத்தாறு வயதில் எனக்குத் தெரிந்திருந்தால், என் அம்மாவுக்கு இன்றைக்கு வந்து போக ஒரு அண்ணன் இருந்திருப்பார். (பதற வேண்டாம். மாமா நல்ல சுகமாய் உடையார்கட்டில்தான் இருக்கிறார். கதையே அதுதான்.)

தர்மபுரத்தில் எங்களுக்கு வயலும் ஒரு சின்ன லொறியும் இருந்தன. நெல்மூட்டை, சீமெந்து, கலியாணவீட்டுக் கதிரை, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். லொறியோடு வந்த றேடியோவுக்குக் கதவுக்கு ஒன்றாய் இரண்டு சின்ன ஸ்பீக்கர். பாட்டுப் போட்டால் தகரப் பேணிக்குள் அகப்பட்ட நுளம்பு ரீங்காரமிடுவதுபோல இருக்கும். அப்பாவுக்கு அது போதும். அவர் அதில் கேட்பது செய்தியும், செய்திக்குப் பிறகு வரும் மரண அறிவித்தலும்தான். மரண அறிவித்தல் போகும்போது லொறிக்குள் இருமக்கூட அனுமதி இல்லை. கலியாணவீட்டைத் தவறவிட்டால் சாட்டுச் சொல்லித் தப்பலாம், செத்தவீட்டைத் தவறவிட்டால் நம் சனம் சாகும்வரை சொல்லிக் காட்டும் என்பது அவருடைய பயம்.

எனக்கு வேறு கவலை. எதிரே வரும் லொறியெல்லாம் பாட்டுச் சத்தத்தால் நெஞ்சுக்குள் இடித்துக்கொண்டு போகிறது, என்னுடையது மட்டும் நுளம்பு. (கலியாணம் பேசுகிற வயது வேறு. லொறி அதிர்ந்தால் பெண் வீட்டார் மயங்குவார்கள் என்று எந்த மடையன் எனக்குச் சொன்னானோ தெரியாது. நானேதான் சொல்லியிருப்பேன்.)

கிளிநொச்சியில் பாட்டுச் செற் பூட்டும் கடையொன்றில் லொறியை விட்டேன். கடைக்காரரும் என்னைப் போலவே ஒரு சத்தப் பைத்தியம்.

"தம்பி, இந்தப் பேஸ் பெட்டி அடிச்சா சைட் கண்ணாடியிலை உன்ரை முகம் ரெண்டாத் தெரியும்" என்றார்.

"றேடியோவை மாத்தத் தேவையில்லையோ அண்ணை?"

"சீ, அது லொறியோடை வந்த ஒறிஜினல். இருக்கட்டும். இந்தக் கதவு ஸ்பீக்கர் ரெண்டும்தான் கீச்சிடும். கழட்டி விடுவமோ?"

"கழட்டுங்கோ" என்றேன். இவ்வளவு பெரிய முடிவை நான் அதற்கு முன்னும் இவ்வளவு கெதியாய் எடுத்ததில்லை, அதற்குப் பின்னும் எடுத்ததில்லை.

சீற்றுக்குப் பின்னால் இரண்டு பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் ஏறின. வீடு வந்து போட்டுக் காட்டினேன். மாமரத்தில் இருந்த காகம் எழும்பிப் போனது. அப்பா மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, "பாட்டு எங்கையடா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாட்டில் இருந்த சொல்லெல்லாம் கதவு ஸ்பீக்கரோடு போய்விட்டது. மிஞ்சியது இடி மட்டும்.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகாலிங்கம் மாமா அம்மாவின் ஒரே அண்ணன். அக்காவின் கலியாண அழைப்பிதழில் அவருடைய பெயர் விடுபட்டுப் போனது. தாய்மாமன் பெயர் இல்லாத அழைப்பிதழ்! மாமா கலியாணத்துக்கு வரவில்லை. பிறகு எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. "கார்ட் அச்சடிச்ச பிறஸ்காரன் விட்ட பிழை" என்று அப்பா கோயில் வாசலில் வைத்துக்கூடச் சத்தியம் பண்ணினார். அம்மா கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று அண்ணனோடு களவாய்ப் போன் கதைத்துக் கதைத்து, பல வருசம் கழித்து ஒருவாறு அவரை இளக்கி வைத்திருந்தார். "பிறஸ்காரன் செய்ததுக்கு மச்சான் என்ன செய்யிறது? பொங்கலுக்கு வாறன்" என்று மாமா சொல்லியிருந்தார். அம்மா பொங்கலுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பித்தார்.

அந்தச் சுண்ணாம்பு காய முன்னரே ஒரு நாள் காலை, நானும் அப்பாவும் உரம் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். செய்தி முடிந்தது. மரண அறிவித்தல் தொடங்கியது.

"உ... உம்... உம்... பிறப்பிடமாகவும், உ... உம்... வதிவிடமாகவும் கொண்ட... உம்... ஆலிங்கம் அவர்கள்..."

அப்பா நிமிர்ந்தார். "என்னவாம்? சத்தத்தைக் கூட்டு!"

கூட்டினேன். கூட்டக் கூட்ட அறிவிப்பாளர் இன்னும் ஆழமாய்ப் புதைந்தார். அப்பாவின் கையில் இருந்த வெற்றிலைப் பெட்டி நடுங்கியது. (அது பேஸினாலா பயத்தினாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.)

"உடையார்கட்டு எண்டுதான் சொன்னான். மகாலிங்கம் எண்டுதான் சொன்னான்" என்றார் அப்பா. "மச்சான் எங்களை விட்டிட்டுப் போட்டானடா."

வீட்டுக்கு வந்து அம்மாவின் போனிலிருந்து மாமாவுக்கு அடித்தோம். எடுக்கவில்லை. "செத்தவீட்டிலை ஆரடி போன் எடுக்கிறது?" என்று அப்பா அழுதுகொண்டே அம்மாவை அதட்டினார்.

அதோடு புறப்பட்டிருந்தாலாவது மானம் பாதி மிஞ்சியிருக்கும். எனக்குத்தான் ஆர்வக்கோளாறு. சந்திக் கடையில் நின்று கண்ணீர் அஞ்சலி பனர் ஒன்று அடிப்பித்தேன். மாமா ட்ரக்டரில் இருந்து பல் தெரியச் சிரிக்கும் படம் அம்மாவின் போனில் இருந்தது. பிறந்த திகதி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, அதனால் மறைவுத் திகதி மட்டும் போட்டோம். மாமா பிறக்காமலே செத்துப்போனார். பனரை லொறியின் முகப்பில் கட்டி, பின்னால் செத்தவீட்டுப் பந்தலுக்கென்று ஊர் வாசிகசாலைக் கதிரைகளையும் தறப்பாளையும் ஏற்றிக்கொண்டு உடையார்கட்டுக்குப் போனோம்.

மாமா வீட்டுப் படலையில் செத்தவீட்டு வெள்ளைக்கொடி இல்லை. பறைச் சத்தமும் இல்லை. "நாங்கள்தான் முதல் ஆக்கள் போலை" என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாய்.

அம்மா லொறி நிற்க முன்னரே குதித்து, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்த ஒரு மனிதர், பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு பதறி ஓடி வந்தார். அம்மா கண்ணை மூடியபடி அவரைக் கட்டிப்பிடித்தார்.

"என்ரை அண்ணையை ஒருக்காக் காட்டுங்கோ!"

"ஐயோ தங்கச்சி, ஆர் செத்தது? சொல்லன், ஆர் செத்தது?" என்று மாமாவும் அழத் தொடங்கினார். யாருக்கென்று தெரியாமலே அவர் அழுத அழுகை, நாங்கள் அழுததைவிடச் சுத்தமானது.

இது வரைக்கும் நடந்தது சிரிப்புத்தான். இதோடு நின்றிருந்தால் மாமாவும் எங்களோடு சேர்ந்து சிரித்து, அன்றைக்கே சோறு தந்து அனுப்பியிருப்பார். ஆனால் அப்பா படலைத் தூணைக் கட்டிப்பிடித்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு, பெரிய குரலில் தொடங்கிவிட்டார்.

"மச்சான்! என்னை மன்னியடா! நீ புது ட்ரக்டர் வாங்கின எழுப்பத்திலை, பெருமையிலை என்னை மதிக்கேல்லையெண்டு, நான்தானடா உன்ரை பேரை வெட்டச் சொன்னனான்! பிறஸ்காரனிலை ஒரு பிழையும் இல்லையடா!"

மாமாவின் அழுகை நின்றது. அம்மா கண்ணைத் திறந்தார்.

நான் லொறிக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, நிப்பாட்டுங்கோ" என்று கத்தியிருக்கலாம். ஹோர்ணாவது அடித்திருக்கலாம். மாமா உயிரோடு நிற்கிற சந்தோசத்தில் நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அப்போது குசினிக்குள் மாமியின் சின்ன றேடியோ மத்தியான மரண அறிவித்தலைத் தெளிவாய் வாசித்தது. உருத்திரபுரத்தை வதிவிடமாகக் கொண்ட சபாலிங்கம். (யார் பெற்ற பிள்ளையோ. அவருக்கு அழ வேண்டியதை நாங்கள் இடம் மாறி அழுது முடித்துவிட்டோம்.)

மாமா நுரையைத் துடைக்காமலே லொறியின் முகப்புக்கு வந்தார். தன் படத்தைப் பார்த்தார். பெயரை ஒவ்வொரு எழுத்தாய் வாசித்தார்.

"கலியாணத்துக்கு வெட்டின பேரை, செத்தவுடனை இவ்வளவு பெரிசாப் போட்டிருக்கிறியள்" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. "கழட்டித் தந்திட்டுப் போ தம்பி. உங்கடை வீட்டிலை என்ரை பேர் அச்சிலை வந்தது இது ஒண்டுதான்."

மாமி தேத்தண்ணி ஊற்றினார். ஒருவரும் குடிக்கவில்லை. திரும்பி வரும்போது அம்மா முன் சீற்றில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்று பின்னால் ஏறி, வாசிகசாலைக் கதிரையொன்றில் இருந்து வந்தார். அந்தப் பொங்கலுக்கு மாமா வரவில்லை. வெள்ளையடித்த சுவர் சும்மா இருந்தது.

பேஸ் பெட்டிகளை அந்தக் கிழமையே கழற்றிவிட்டேன். கதவு ஸ்பீக்கர்களை மறுபடி பூட்டினேன். நுளம்பு திரும்பி வந்தது, மாமா வரவில்லை.

போன வருசம் எனக்குக் கலியாணம் சரிவந்தது. (லொறி அதிராமலே.) அழைப்பிதழில் மாமாவின் பெயரை அப்பாவே தன் கையால் முதலாவதாக எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு உடையார்கட்டுக்குப் போனேன். பனர் விறகுக் குவியலை மூடிக் கிடந்தது. வெயிலில் வெளுத்தாலும் மாமா ட்ரக்டரில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையான மாமா அழைப்பிதழை வாசித்து, மடித்து, என் தலையில் கை வைத்தார்.

"பேர் வடிவாய் இருக்கு. மாமியும் பிள்ளையளும் வருவினம்."

"நீங்கள் மாமா?"

"செத்தவன் எப்பிடியடா கலியாணவீட்டுக்கு வாறது?"

இப்போது அது எங்கள் வீட்டுப் பகிடி. எங்கேயாவது போகப் பஞ்சியாய், சோம்பலாய் இருந்தால் அக்காவின் பிள்ளைகள்கூட, "செத்தவன் எப்பிடி வாறது?" என்று கேட்கிறார்கள். அப்பாவும் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி. அம்மா இந்த விஷயத்தில் என்னை ஒருநாளும் ஏசியதில்லை. ஒரே ஒரு தரம், லொறியில் உடையார்கட்டைத் தாண்டிப் போகும்போது, மாமா வீட்டு விறகுக் குவியலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பாட்டுக் கேக்கத்தானே மோனை அந்தப் பெட்டியைப் பூட்டினனீ. ஒரு பாட்டாவது வடிவாக் கேட்டனியோ?"

இல்லை அம்மா. ஒன்றுகூடக் கேட்கவில்லை.